உங்கள் பெயர், உங்கள் சொத்து

(தொடர்கல்வி மையம் ஒன்றில் கற்போர் முன் நிகழ்த்திய உரை)



முதலில் ஒரு கேள்வி. இந்த மையத்துக்கு வந்து நீங்கள் முதன்முதலில் எழுதிய சொல் எது? நினைத்துப் பாருங்கள். அம்மா, அப்பா, வீடு, மரம் எல்லாம் பிறகுதான். பெரும்பாலோர் முதலில் எழுதக் கேட்டது சொந்தப் பெயரை. கை நடுங்கியது. எழுத்து கோணலாக வந்தது. ஆனாலும் மனம் நிறைந்தது. "இனிமேல் நான் கைநாட்டு இல்லை" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக் கொண்டீர்கள்.

இன்று அந்தப் பெயரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பெயரை எழுதக் கற்றுக்கொண்டோம். அந்தப் பெயரைக் காப்பாற்றவும் கற்றுக்கொள்ள வேண்டும். ஏனென்றால், பெயரைத் திருடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பெயரைத் திருட முடியுமா?

ஆட்டைத் திருடினால் காலையில் தெரிந்துவிடும். கொட்டிலில் ஆடு இருக்காது. பானையில் வைத்த பணத்தைத் திருடினால் கைவிட்டுப் பார்க்கும்போது தெரியும். பெயரைத் திருடினால் உடனே தெரியாது. பெயர் உங்களிடமே இருக்கும். அதன் நகல் ஒன்று வேறு ஒருவரிடம் இருக்கும். அவர் "நான்தான் அந்த ஆள்" என்று உங்கள் பெயரைச் சொல்வார். உங்கள் பெயரில் சிம் கார்டு வாங்குவார். உங்கள் பெயரில் கடன் வாங்குவார். உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுப்பார்.

பிறகு ஒருநாள், கடனை வசூலிக்க ஆள் வருவார். யார் வாசலுக்கு? உங்கள் வாசலுக்கு. அந்த சிம் கார்டில் யாரோ ஒருவரை ஏமாற்றியிருந்தால் போலீஸ் வரும். யாரைத் தேடி? உங்களைத் தேடி.

இதற்கு அடையாளத் திருட்டு என்று பெயர்.

இந்தத் திருடனுக்கு என்னென்ன வேண்டும்? உங்கள் பெயர், பிறந்த தேதி, செல்போன் எண், ஆதார் எண், பான் கார்டு எண், பேங்க் கணக்கு எண், போட்டோ, கையெழுத்து, விரல் ரேகை. இவற்றில் ஒன்று மட்டும் கிடைத்தால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஒரு செங்கல்லை வைத்து வீடு கட்ட முடியுமா? ஆனால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் சுவர் எழும்பிவிடும். அதனால்தான் சொல்கிறேன், ஒரு செங்கல்லைக்கூடச் சும்மா எடுத்துக் கொடுக்காதீர்கள்.

கட்டைவிரலின் கதை

விரல் ரேகையை அடையாளமாக வைக்கும் பழக்கம் நம் நாட்டில் எப்படி வந்தது? அது ஒரு சுவையான கதை.

1858-ஆம் ஆண்டு. வங்காளத்தில் ஜங்கிப்பூர் என்று ஓர் ஊர். அங்கே வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி இருந்தார். சாலை போடப் பொருள் கொடுக்க ஒருவர் ஒப்பந்தம் எழுதினார். "இது என் கையெழுத்தே இல்லை" என்று அவர் பின்னால் மறுத்துவிடக் கூடாதே என்று ஹெர்ஷல் யோசித்தார். அந்த ஆளின் உள்ளங்கையில் மையைத் தடவி, ஒப்பந்தத் தாளிலேயே பதித்துக்கொண்டார். அதன் பிறகு அவர் விரல் ரேகைகளைக் கவனிக்கத் தொடங்கினார். ஒருவர் ரேகை போல இன்னொருவர் ரேகை இல்லை என்பது தெரிந்தது.

1897-இல் கல்கத்தாவில் விரல் ரேகைக் கூடம் தொடங்கியது. உலகிலேயே முதல் கூடம் அதுதான். அங்கே ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கப் பாடுபட்டவர்கள் நம் நாட்டவர் இருவர். அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்று அவர்களுக்குப் பெயர்.

ஏமாற்றைத் தடுக்க வந்தது ரேகை. ஆனால் நம் ஊர்களில் என்ன நடந்தது? அது உங்களுக்கே தெரியும். வெற்றுத் தாளில் ரேகை வாங்கிக்கொண்டார்கள். நூறு ரூபாய்க் கடனை ஆயிரம் என்று எழுதிக்கொண்டார்கள். நிலம் போனது. வீடு போனது. படிக்கத் தெரியாதவர் எதில் ரேகை வைக்கிறோம் என்று தெரியாமலே வைத்தார்.

இப்போது காலம் மாறியிருக்கிறது. 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் தேதி, மகாராஷ்டிராவில் நந்துர்பார் மாவட்டத்தில் உள்ள தெம்பிலி என்ற சிற்றூரில், பழங்குடி மக்களுக்கு முதல் ஆதார் எண்கள் வழங்கப்பட்டன. 12 இலக்க எண். அதனுடன் பத்து விரல் ரேகை, இரண்டு கருவிழிகள், முகத்தின் படம். இன்று ரேஷன் கடையில் கூலி வேலை செய்பவரும் விரல் வைக்கிறார். பட்டம் படித்தவரும் விரல் வைக்கிறார். கைநாட்டு இப்போது எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது.

ஆகவே, விரல் வைப்பது இழிவு இல்லை. எதற்கு வைக்கிறோம் என்று தெரியாமல் வைப்பதுதான் ஆபத்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூட்டு கெட்டுப்போனால் புதுப் பூட்டு வாங்கலாம். ரகசிய எண் வெளியே தெரிந்துவிட்டால் வேறு எண் வைக்கலாம். கட்டைவிரலை மாற்ற முடியுமா?

2018-இல் தெலங்கானாவில் ஒரு வழக்கு. சிம் கார்டு விற்கும் ஒருவர், பதிவுத் துறை இணையதளத்தில் இருந்த நிலப் பத்திரங்களை எடுத்தார். அந்தப் பத்திரங்களில் மக்கள் வைத்த கைரேகை இருந்தது. ஆதார் எண்ணும் இருந்தது. அவர் அந்த ரேகைகளை ரப்பர் முத்திரை போல அச்சு எடுத்து, மற்றவர்கள் பெயரில் சிம் கார்டுகளை இயக்கினார் என்று போலீசார் அவரைப் பிடித்தார்கள். நிலத்தை விற்றவருக்கோ வாங்கியவருக்கோ ஒன்றும் தெரியாது. அவர்கள் விரல் அவர்களிடமே இருந்தது. நகல்தான் போனது.

பாஸ்புத்தகத்தில் இருந்த இரண்டாவது வரி

இனி எங்கள் மையத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் மையத்துக்கு ஓர் அக்கா வருவார். கணவர் இல்லை. நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் வேலை. மாதாமாதம் விதவை உதவித்தொகை பேங்க் கணக்குக்கு வரும். பேங்க் தூரம். அதனால் பக்கத்துத் தெருவில் ரேகை மெஷின் வைத்திருக்கும் முகவரிடம் போய்ப் பணம் எடுப்பார். ஆதார் எண்ணைச் சொல்ல வேண்டும். விரலை வைக்க வேண்டும். பணம் கைக்கு வரும். அதற்கு ஓ.டி.பி. எண் வேண்டாம், கையெழுத்து வேண்டாம்.

ஒரு மாதம் அவர் ஆயிரம் ரூபாய் எடுக்கப் போனார். விரல் வைத்தார். "ரேகை சரியாக விழவில்லை அக்கா, இன்னொரு முறை வையுங்கள்" என்றார் முகவர். வைத்தார். பாத்திரம் தேய்த்துத் தேய்த்துத் தேய்ந்த விரல். ரேகை விழாமல் போவது அவருக்குப் பழக்கம்தான். ஆயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ரசீது கேட்கவில்லை.

அந்த வாரம் எங்கள் வகுப்பில் பாஸ்புத்தகம் படிக்கும் பாடம். எல்லோரும் தங்கள் புத்தகத்தைக் கொண்டு வந்தார்கள். தேதி எந்தப் பத்தியில் இருக்கிறது, எடுத்த பணம் எந்தப் பத்தி, போட்ட பணம் எந்தப் பத்தி, மீதி எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தோம். விவரம் இங்கிலீஷில் இருந்தது. "பரவாயில்லை, எண் எந்த மொழியிலும் எண்தான்" என்று நான் சொன்னேன்.

அக்கா விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். திடீரென்று நின்றார்.

"டீச்சர், நான் சரியாகத்தான் படிக்கிறேனா? ஒரே தேதியில் இரண்டு வரி இருக்கிறதே. ஒரு வரியில் ஆயிரம். இன்னொரு வரியில் மூவாயிரம். நான் ஆயிரம்தானே எடுத்தேன்?"

நான் வாங்கிப் பார்த்தேன். அவர் சரியாகத்தான் படித்திருந்தார். முதல் முறை வைத்த ரேகை நன்றாகவே விழுந்திருக்கிறது. அதில் மூவாயிரம் எடுத்தாகிவிட்டது. இரண்டாம் முறை வைத்த ரேகைக்குத்தான் அவர் கையில் ஆயிரம் வந்தது.

அக்கா அழுதார். "எத்தனை மாதமாக இப்படி நடந்ததோ" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்படிப் புகார் எழுத வேண்டும் என்று சொல்லுங்கள், நானே எழுதுகிறேன்" என்றார். எழுதினார். ஏழு வரி. தேதி, தொகை, நடந்தது, கீழே கையெழுத்து. மறுநாள் பேங்க் மேலாளரிடம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்தார். விசாரணை நடந்தது. இரண்டு மாதம் அலைய வேண்டியிருந்தது. பணம் திரும்பி வந்தது. அந்த முகவரின் மெஷினை பேங்க் வாங்கிக்கொண்டது.

எல்லோருக்கும் இப்படிப் பணம் திரும்பி வரும் என்று நான் சொல்லமாட்டேன். பலருக்கு வருவதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் சொல்வேன். அந்தத் திருட்டைக் கண்டுபிடித்தவர் போலீஸ் அல்ல, பேங்க் அல்ல. படிக்கக் கற்றுக்கொண்ட அந்த அக்காதான்.

ரேகை வைக்கும் இடத்தில் நான்கு விதிகள்:

மெஷின் திரையில் எந்தத் தொகை இருக்கிறது என்று பார்த்த பிறகே விரலை வையுங்கள்.

"விழவில்லை, மறுபடியும் வையுங்கள்" என்றால், "விழவில்லை என்று திரையில் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

ஒவ்வொரு முறையும் ரசீது வாங்குங்கள்.

மாதம் ஒரு முறை பாஸ்புத்தகத்தில் வரவு செலவைப் பதிந்து, வரிவரியாகப் படியுங்கள்.

வீட்டில் இருக்கும் தாள்கள்

நம் வீட்டில் முக்கியமான தாள்கள் எங்கே இருக்கின்றன? பீரோவுக்கு மேலே ஒரு மஞ்சள் பை. அல்லது பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர். ஆதார், ரேஷன் கார்டு, பான் கார்டு, பாஸ்புத்தகம், ஏ.டி.எம். கார்டு எல்லாம் ஒன்றாக இருக்கும். ஏ.டி.எம். கார்டின் உறையிலேயே ரகசிய எண்ணையும் எழுதி வைத்திருப்போம். மறந்துவிடும் என்ற பயம். பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டுவதைப் போன்றது இது. அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். எண்ணை மனதில் வையுங்கள். எழுதப் படிக்கக் கற்ற உங்களுக்கு நான்கு எண்ணை மனப்பாடம் செய்வது கடினமா?

அடுத்தது செராக்ஸ். எதற்கெடுத்தாலும் ஆதார் செராக்ஸ் கொடுக்கிறோம். வாடகை வீட்டுக்கு, வேலைக்கு, லாட்ஜில் தங்க. கொடுத்த தாள் பிறகு என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியாது. ஆகவே செராக்ஸ் கொடுக்கும்போது அதன் குறுக்கே எழுதுங்கள். "வீட்டு வாடகைக்கு மட்டும்" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்து இடுங்கள். அந்தத் தாளை வேறு வேலைக்கு எடுப்பது கடினமாகிவிடும். செராக்ஸ் சரியாக வரவில்லை என்று கடைக்காரர் ஒரு தாளைக் குப்பையில் போட்டால், அதையும் கேட்டு வாங்கி வந்து கிழித்துப் போடுங்கள்.

ஆதாரில் இன்னொரு வசதி இருக்கிறது. 12 எண்ணில் முதல் 8 எண்ணை மறைத்து, கடைசி 4 எண் மட்டும் தெரியும்படி அச்சிட்ட ஆதாரை இணையத்திலிருந்து எடுக்கலாம். நீங்கள் யார் என்று காட்டினால் மட்டும் போதும் என்கிற இடங்களில் இதைக் கொடுக்கலாம். பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளையே எடுத்துத் தந்துவிடும்.

சிம் கார்டு வாங்கவும், பேங்கில் கணக்கு வைக்கவும் ஆதார்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பு சொன்னது. வேறு அடையாள அட்டையும் காட்டலாம். அரசு உதவித்தொகை, மானியம் போன்றவற்றுக்கு ஆதார் கேட்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

இனி ஒரு கசப்பான விஷயம். பெயரைத் திருடுகிறவர் எப்போதும் முன்பின் தெரியாதவர் அல்ல. சில சமயம் தெரிந்தவரே. குழுக் கடன் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் எல்லோருடைய ஆதாரையும் வாங்கிப் போவார். ஒரு கடனுக்கு இரண்டு கடனாக எழுதிக்கொள்வார். "தவணையில் வண்டி எடுக்க வேண்டும், உன் பான் கார்டைக் கொடு" என்று உறவினர் கேட்பார். முகத்துக்கு நேரே மறுக்க நமக்குக் கூச்சம். ஆனால் உறவு வேறு, கையெழுத்து வேறு. எழுதாத தாளில் கையெழுத்து இடாதீர்கள். எழுதிய தாளையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்து இடாதீர்கள். "படித்துப் பார்த்துவிட்டு நாளைக்குத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். நல்ல மனிதர் நாளை வரை காத்திருப்பார்.

இன்னொரு வலை, கணக்கை வாடகைக்குக் கேட்பது. "உங்கள் பாஸ்புத்தகத்தையும் ஏ.டி.எம். கார்டையும் சிம் கார்டையும் கொடுங்கள். மாதம் இரண்டாயிரம் தருகிறோம். நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டாம்" என்பார்கள். ஒன்றும் செய்யாமல் யாராவது பணம் தருவார்களா? எங்கோ ஓர் ஊரில் ஏமாற்றிப் பறித்த பணத்தை அந்தக் கணக்கில் போட்டு எடுப்பார்கள். கணக்கில் இருப்பது உங்கள் பெயர். வழக்கும் உங்கள் மேல்தான் வரும்.

செல்போனில் வரும் திருடன்

முன்பு திருடன் ஓட்டைப் பிரித்து இறங்குவான். இப்போது செல்போன் மணி அடித்துக்கொண்டு வருகிறான்.

"உங்கள் பேங்கிலிருந்து பேசுகிறேன். கே.ஒய்.சி. முடிந்துவிட்டது. இன்று மாலைக்குள் புதுப்பிக்காவிட்டால் கணக்கை முடக்கிவிடுவோம்." இப்படி ஒருவர் பேசுவார். மரியாதையாகப் பேசுவார். உங்கள் பெயரைச் சொல்வார். உங்கள் கார்டின் சில எண்களைக்கூடச் சொல்வார். "இவ்வளவும் தெரிந்திருக்கிறதே, பேங்க் ஆள்தான்" என்று நாம் நம்பிவிடுவோம். கடைசியில் கேட்பார். "உங்கள் போனுக்கு ஓர் எண் வந்திருக்கும், அதைச் சொல்லுங்கள்."

அந்த எண்தான் ஓ.டி.பி. அது ஒரே ஒரு முறை திறக்கும் சாவி. அதைச் சொல்லிவிட்டால் கதவை நாமே திறந்துவிட்டோம் என்று பொருள். பேங்க் ஊழியர் அதைக் கேட்கமாட்டார். போலீஸ் கேட்கமாட்டார். ஆதார் அலுவலகமும் போன் செய்து கேட்காது. போனில் கேட்கிறவர் யாராக இருந்தாலும் திருடர் என்றே எண்ணுங்கள்.

யு.பி.ஐ. மூலம் பணம் அனுப்பும் முறை 2016-இல் வந்தது. பூக்கடை முதல் டீக்கடை வரை இன்று அதுதான். இதில் ஒரே ஒரு பாடத்தை மனப்பாடம் செய்யுங்கள். பணம் கொடுக்கத்தான் பின் எண் வேண்டும். பணம் வாங்கப் பின் எண் வேண்டாம். "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, பின் எண்ணை அழுத்தினால் பணம் வரும்" என்று ஒருவர் சொன்னால், அழுத்தியதும் பணம் வராது, போகும்.

செல்போனுக்குச் சில செய்திகள் வரும். கல்யாணப் பத்திரிகை என்று வரும். மின் கட்டணம் பாக்கி என்று வரும். போக்குவரத்து அபராதம் என்று வரும். அதைத் தொட்டால் ஏதோ ஒன்று போனுக்குள் இறங்கும். அதன் பெயர் முடிவில் ஏ.பி.கே. என்று இருந்தால் தொடவே தொடாதீர்கள். அது உள்ளே உட்கார்ந்துகொண்டு, உங்களுக்கு வரும் செய்திகளை எல்லாம் படிக்கும். ஓ.டி.பி. எண்ணையும் படிக்கும்.

வேறு சிலர் போலீஸ் உடை போட்டுக்கொண்டு வீடியோவில் வருவார்கள். "உங்கள் ஆதாரை வைத்துக் குற்றம் நடந்திருக்கிறது. உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம். போனை வைக்கக் கூடாது. யாரிடமும் சொல்லக் கூடாது. பணம் அனுப்புங்கள்" என்று மிரட்டுவார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது. எந்தப் போலீசாரும் வீடியோவில் கைது செய்வதில்லை. படித்த பெரியவர்கள்கூட இதில் பயந்து வாழ்நாள் சேமிப்பை இழந்திருக்கிறார்கள். ஆகவே, நமக்குப் படிப்புக் குறைவு, அதனால்தான் ஏமாறுகிறோம் என்று நினைக்க வேண்டாம். ஏமாற்றுகிறவன் நம்பியிருப்பது நம் பயத்தையும் அவசரத்தையும்தான்.

இவர்கள் எல்லோருக்கும் மூன்று பொதுவான அடையாளங்கள் உண்டு. அவசரப்படுத்துவார்கள். பயமுறுத்துவார்கள், அல்லது ஆசை காட்டுவார்கள். யாரிடமும் சொல்லாதே என்பார்கள். இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் போனை வைத்துவிடுங்கள். வைப்பது மரியாதைக் குறைவு ஆகாது.

நம் கையில் உள்ள பூட்டுகள்

பயந்துகொண்டே இருந்தால் போதுமா? போதாது. பூட்டு போட வேண்டும். சில பூட்டுகளைச் சொல்கிறேன்.

முதல் பூட்டு, விரல் ரேகைப் பூட்டு. ஆதார் இணையதளத்திலோ, ஆதார் செயலியிலோ உங்கள் ரேகையைப் பூட்டி வைக்கலாம். பூட்டிய பிறகு, உங்கள் ரேகையின் நகலை யார் வைத்தாலும் மெஷின் ஏற்காது. ஆனால் நீங்களே வைத்தாலும் ஏற்காது. ரேஷன் கடைக்கோ, பணம் எடுக்கவோ போகும்போது திறந்துகொண்டு போக வேண்டும். இதற்கு உங்கள் செல்போன் எண் ஆதாரில் பதிவாகியிருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் 1947 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டு. மறக்காது.

இரண்டாவது பூட்டு, சிம் கார்டுக் கணக்கு. ஒருவர் பெயரில் 9 சிம் கார்டு வரை இருக்கலாம். ஜம்மு காஷ்மீர், அசாம், மற்ற வடகிழக்கு மாநிலங்களில் 6. உங்கள் பெயரில் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியுமா? 2023-இல் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை 'சஞ்சார் சாத்தி' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. அதில் உங்கள் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். உங்களுடையது அல்லாத எண் இருந்தால் "இது என் எண் அல்ல" என்று அங்கேயே சொல்லலாம். செல்போன் தொலைந்துவிட்டால் அதை முடக்கவும் அங்கேயே வழி உண்டு.

மூன்றாவது பூட்டு, கடன் விவரம். உங்கள் பெயரில் எந்தெந்தக் கடன் இருக்கிறது என்ற பட்டியலைக் கடன் தகவல் நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. மக்கள் இதை 'சிபில்' என்று சொல்வார்கள். ஆண்டுக்கு ஒரு முறை அந்த விவரத்தை இலவசமாகத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. நீங்கள் வாங்காத கடன் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காவது பூட்டு, எஸ்.எம்.எஸ். பேங்கில் உங்கள் சரியான செல்போன் எண்ணைக் கொடுங்கள். பணம் போனாலும் வந்தாலும் செய்தி வரும். வந்த செய்தியைப் படியுங்கள். உங்கள் போனில் காரணமே இல்லாமல் நெடுநேரம் சிக்னல் இல்லை என்றால் சும்மா இருக்காதீர்கள். உங்கள் எண்ணுக்கு வேறு யாரோ புது சிம் வாங்கியிருக்கலாம். பக்கத்து வீட்டுப் போனிலிருந்து சிம் நிறுவனத்துக்கும் பேங்குக்கும் உடனே பேசுங்கள்.

திருட்டு நடந்துவிட்டால்?

நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது நேரம்தான் முக்கியம்.

உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். நாடு முழுவதற்கும் ஒரே எண். காந்தியடிகள் தண்டியில் உப்பு எடுத்த ஆண்டு 1930. இப்படி நினைவில் வையுங்கள். எவ்வளவு பணம், எந்தக் கணக்கு, எப்போது போனது என்று சொல்லுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு ஓடிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் சொன்னால் வழியிலேயே நிறுத்தப் பார்ப்பார்கள்.

அடுத்து, பேங்குக்குச் சொல்லுங்கள். கணக்கையும் கார்டையும் முடக்கச் சொல்லுங்கள். எழுத்திலும் புகார் கொடுங்கள். 2017-இல் ரிசர்வ் வங்கி ஒரு விதி செய்தது. தவறு உங்களுடையதும் அல்ல, பேங்கினுடையதும் அல்ல என்றால், பேங்க் செய்தி வந்த பின் 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னால் நட்டம் உங்கள் தலையில் விழாது. ஓ.டி.பி. எண்ணை நீங்களே சொல்லிவிட்டிருந்தால், புகார் சொல்லும் வரை போன பணம் உங்கள் நட்டம். புகார் சொன்ன பிறகு போனால் பேங்கின் பொறுப்பு. ஆகவே ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

பிறகு, காவல் நிலையம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டப்படி, எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். பிறரின் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவு அப்படிச் சொல்கிறது.

கடைசியாக ஒன்று. இதுதான் மிகவும் முக்கியம். ஏமாந்தவர் வெளியே சொல்ல வெட்கப்படுகிறார். "வீட்டில் திட்டுவார்கள், ஊரில் சிரிப்பார்கள்" என்று மறைக்கிறார். இரண்டு நாள் மறைத்தால் பணம் இரண்டு மாநிலம் தாண்டிப் போய்விடும். ஆகவே வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன். அம்மா ஏமாந்துவிட்டால் அம்மாவைத் திட்டாதீர்கள். முதலில் 1930-க்குப் பேசுங்கள். திருடியவன் வெட்கப்படட்டும். திருட்டுக் கொடுத்தவர் ஏன் வெட்கப்பட வேண்டும்?

அன்பானவர்களே, அந்த அக்கா இப்போதும் அதே தெருவில்தான் இருக்கிறார். அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் பாஸ்புத்தகத்தை அவரிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அவர் படித்துச் சொல்கிறார். "என் பெயரை எழுதக் கற்றபோது சந்தோஷமாக இருந்தது டீச்சர். என் பெயரில் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிக்கத் தெரிந்தபோதுதான் தைரியம் வந்தது" என்று அவர் ஒருநாள் சொன்னார்.

நீங்களும் இன்று வீட்டுக்குப் போனதும் அந்த மஞ்சள் பையை இறக்குங்கள். பாஸ்புத்தகத்தை எடுங்கள். முதல் வரியிலிருந்து படியுங்கள்.



படித்த பின் பேசுவோம்

1. உங்கள் ஆதார் செராக்ஸை இதுவரை எங்கெல்லாம் கொடுத்திருக்கிறீர்கள்? ஒரு பட்டியல் எழுதுங்கள்.

2. ரேகை வைக்கும்போது பார்க்க வேண்டியவை எவை?

3. 1947, 1930 இந்த இரண்டு எண்களும் எதற்கு? பார்க்காமல் சொல்லுங்கள். பிறகு இரண்டையும் வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

4. உங்கள் கணக்கிலிருந்து உங்களுக்குத் தெரியாமல் 500 ரூபாய் எடுக்கப்பட்டிருக்கிறது. பேங்க் மேலாளருக்கு ஏழு வரியில் ஒரு புகார்க் கடிதம் எழுதுங்கள். கீழே உங்கள் கையெழுத்தை இடுங்கள்.